கழிவு

கோத்தகிரி திரும்பி ஒன்பது நாள்.
தலைமுடியில் இன்னும் குளோரின் வாசம்.
வளைவில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான்
சிக்னல் இரண்டு கோடு காட்டும்.
அங்கே மஞ்சுக்குள் நின்று
ஸ்வெட்டர் கைக்குள் விரலை இழுத்துக்கொண்டு
அந்த ஒன்றே முக்கால் வினாடியை
மறுபடியும் பார்க்கிறேன்.

பத்து மீட்டர் மேடை. பெண்கள் இறுதிச் சுற்று.
கடைசிக் குதி.
இலோனா, பதினேழு வயது,
தண்ணீருக்கு முதுகு காட்டி நிற்கிறாள்.
கால்விரல் மட்டும் மேடையில், குதிகால் காற்றில்.
எகிறி, மேடையை நோக்கியே சுருண்டு மூன்றரைச் சுற்று.
விளிம்புக்கும் தலைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம்.
எனக்குத் தெரியும். என் நெற்றித் தழும்பு
அதே குதியின் சின்ன வடிவம்:
மூன்று மீட்டர் பலகை, வெலிங்டன், மார்ச் மாதம்.

நான் ஐந்தாம் நாற்காலி.
ஏழு நாட்டிலிருந்து ஏழு பேர், ஒரே வெள்ளைச் சட்டை.
எனக்கு மட்டும் உள்ளே தெர்மல்,
குளிருக்கு இல்லை, பழக்கத்துக்கு.

அப்போது கண் இமைத்தேன்.

தூசி இல்லை, ஃபிளாஷ் இல்லை,
சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் இல்லை.
இமை திறந்தபோது தண்ணீர் மூடிக்கொண்டிருந்தது.
கொஞ்சம் நுரை.
காதில் விழுந்த சத்தத்தை வைத்து
ஆறு என்று அழுத்தினேன்.

பலகையில் எரிந்தது:
எட்டரை, எட்டு, ஒன்பது, எட்டரை, ஆறு, எட்டு, எட்டரை.
சீருடை போடாமல் வந்து
பிரேயரில் நிற்கும் பிள்ளை மாதிரி
அந்த ஆறு.

ராத்திரிச் சாப்பாட்டில் டச்சுக்காரர் தோளைத் தட்டினார்.
மேலே இரண்டு, கீழே இரண்டு அடித்துவிடுகிறார்களே,
உன் ஆறு கணக்கிலேயே இல்லை, போய்த் தூங்கு.
தூங்கினேன். விமானத்தில்,
மேட்டுப்பாளையம் பஸ்ஸின் கொண்டை ஊசிகளிலும்கூட.

இன்று காலை இலை எடுக்க வேன் வந்தது.
போஜண்ணன் மூட்டையைத் தராசில் மாட்டினார்.
முள் இருபத்தெட்டில் நின்றது.
எழுதியது இருபத்தாறு.
"ராத்திரி மழை. தண்ணிக்கு ரெண்டு கழிவு."
நாத்தனார் விடவில்லை.
"தண்ணிய நீ பாத்தியா?"
"பாக்காம எழுதுவனா?"
"எங்க பாத்த? சாக்குக்குள்ள கைகூட விடல நீ."

இருவர் கையும் ஓயாததால்
சீட்டு என் கைக்கு வந்தது.
பின்பக்கம் வெறுமை.

ஏழு எண்ணையும் எழுதினேன்.
ஒன்பதும் ஓர் எட்டரையும் மேலே அடிபட்டன.
கீழே ஆறு. அதோடு ஓர் எட்டு.
இன்னோர் எட்டு தப்பி உள்ளே நின்றுவிட்டது.
எட்டரை, எட்டரை, எட்டு. இருபத்தைந்து.
கடினம் மூன்று புள்ளி இரண்டு. பெருக்கினால் எண்பது.

நான் எட்டரை போட்டிருந்தால்
இரண்டு எட்டும் போயிருக்கும்.
எண்பத்தொன்று புள்ளி ஆறு.
இலோனா நான்காவதாக வந்தாள்,
ஒன்று புள்ளி பூஜ்யம் ஐந்தில்.

கணக்கிலேயே இல்லாத எண்
வாசலில் நின்றுகொண்டு
யாரையோ உள்ளே விட்டிருக்கிறது.

எட்டு போட்டிருந்தால்?
அதே எண்பது. எதுவும் மாறியிருக்காது.
எட்டா, எட்டரையா,
அதற்குத்தான் இந்தத் தொட்டி.
நடுவருக்கு ஒரே பார்வைதான்,
திருப்பிப் பார்ப்பது விதியில் இல்லை.
நான் பார்க்கிறேன்.

மஞ்சு அடர்ந்தால் ஒரு கோடு போய்விடுகிறது.
படம் உறைகிறது, அவள் சுருள் பிரித்துக் கை நீட்டியபின்,
விரலுக்கும் தண்ணீருக்கும் நடுவே
ஒரு முழம் மிச்சம் இருக்கும்போது.

கீழேயிருந்து நாத்தனார் கத்துகிறாள்.
ஒரு கிலோ திருப்பி எழுத வைத்துவிட்டாளாம்.

கோடு வருகிறது. படம் அசைகிறது.
கண்ணை அகல வைத்துக்கொள்கிறேன்.
குளிர் எரிக்கிறது.
இமைத்துவிடுவேன் போலிருக்கிறது.